சோறாகாத பலாக்காய்

பலாக்காயை நான் சோறாகச் சமைத்தேன். என் வீட்டுக்காரர் அதைக் கறியாகச் சாப்பிட்டார். எங்கள் வீட்டுச் சண்டை அங்கேதான் தொடங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஒரு கணக்கை நாலு தரம் சொல்லிக் கொடுத்தும் விளங்காத பிள்ளையிடம்கூடக் கோபிக்கமாட்டேன் என்று அங்கே எனக்கு நல்ல பெயர். அந்தப் பொறுமை எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வருவதில்லை. வீட்டுக்காரர் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய ஆட்களில் ஒருவர். அந்தக் குடும்பத்தில் சோற்றைப் பற்றிக் குறைவாக ஒரு சொல் சொன்னால் பரம்பரையையே பழித்துப் பேசியது மாதிரி முகத்தை நீட்டுவார்கள்.

அவருக்குச் சீனி வருத்தம் வந்து கன வருடம். குளிசை போடுவார். கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் காணி உறுதிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைப்பார். கிளினிக்குக்கு இரண்டு நாள் முந்தி மட்டும் வாயைக் கட்டுவார். சோதனைக்கு முதல் நாள் மட்டும் படிக்கிற பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள், அவர்களை நான் நல்லாக அறிவேன். வீட்டிலும் ஒன்று வளர்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மாசி மாதம் காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு, மெசின் வெட்டிவிட்டுப் போன அடித்தாள் ஒட்டுக்குள் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரலின் கீழே குத்தியிருக்கிறது. குத்தினதே அவருக்குத் தெரியாது. காலில் உணர்ச்சி அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. குசினி நிலத்தில் இரத்தப் பொட்டுகள் வரிசையாகக் கிடந்ததைக் கண்டு நான்தான் காலைத் தூக்கிப் பார்த்தேன்.

மருந்து கட்டப் போன இடத்தில் நேர்ஸ் அவரோடு கதைக்கவில்லை. என்னோடுதான் கதைத்தார்.

“ரீச்சர், புண் காயவேணுமெண்டால் முதல்ல சீனி இறங்கவேணும். ஐயா சோத்தைக் குறைக்காட்டில் இந்த விரல் நிக்காது. விரலோட நிண்டாலும் பரவாயில்லை, சில பேருக்குப் பாதம் வரைக்கும் போகும். சொல்லிப்போட்டன்.”

திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் எனக்குப் பின்னால் இருந்துகொண்டு அவர் கேட்டார்: “மத்தியானத்துக்கு என்ன கறி?”

 பாதம் போனால் இந்த மனிதனின் கதி என்ன என்று யோசித்துக்கொண்டு வந்தேன். வரம்பில் நின்று மற்றவனுக்கு வேலை சொல்கிற ஆள் இல்லை அவர். சேற்றுக்குள் இறங்கினால்தான் அவருக்கு அது வயல். எனக்கு அந்த விரல் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

சோற்றைக் குறைப்பது என்று இரண்டு சொல்லில் சொல்லிவிடலாம். அரைக் கோப்பை போட்டால் மற்ற அரைக்கோப்பைக்குக் கை நீட்டுவார். பானையை ஒளித்து வைத்தால் பானையைத் தேடுவார். “இது என்ர வயல் மொட்டைக்கறுப்பன். கடையரிசி இல்லை. இது ஒண்டும் செய்யாது” என்று எனக்கே வகுப்பெடுத்தார். சொந்த வயல் அரிசிக்கும் சீனி உண்டு என்று சொன்னால், ஏதோ அவருடைய பிள்ளை களவெடுத்ததாகச் சொன்ன மாதிரிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் பின்வளவில் இருக்கிற பெண் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். அவளுடைய கிணற்றடியில் ஒரு பலா. அந்த வருடம் அடிமரத்தில் இருந்தே காய் பிடித்திருந்தது.

“அக்கா, பலாக்காய அவிச்சுக் குடுத்துப் பாருங்க. எங்கம்மா தோட்டத்துல இருந்தப்ப அரிசி இல்லாத நாளெல்லாம் இதுதான் எங்களுக்குச் சோறு. மத்தியானம் ஒரு தட்டுச் சாப்பிட்டா பொழுது சாயுற வரைக்கும் பசிக்காதுங்க.”

நான் நேர்ஸிடம் கேட்டேன். சோற்றுக்குப் பதிலாக என்றால் நல்லது என்றார். முற்றின காயாக இருக்கவேண்டும், அளவோடு கொடுக்கவேண்டும், பழம் மட்டும் வாசத்துக்கும் கூடாது என்று விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினார்.

பலாக்காயில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வறையும் பால் கறியும்தான். அவள் வந்து நின்று காட்டித் தந்தாள். சாக்கை விரித்து, கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வெட்டவேண்டும். நான் எண்ணெய் போதும் என்று நினைத்த இடத்தில் போதவில்லை. பால் கத்தியில் ஒட்டி, கையில் ஒட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சேலையிலும் ஒட்டியது. பிறகு சுளையை நார் இல்லாமல் எடுத்து, கொட்டையைப் புறம்பாக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு மூடி அவித்து, இறக்கும்போது ஒரு பிடி தேங்காய்ப்பூவைத் தூவினாள். செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்துத் தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல் பக்கத்தில். நான் ஒரு சுளையை வாயில் போட்டேன். மாப்பிடிப்பாக, மெதுவாக, நல்லாகத்தான் இருந்தது. எனக்கு மனதுக்குள் அப்படி ஒரு சந்தோசம். விரல் நின்றுவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

மத்தியானம் அவர் வந்து கதிரையில் இருந்தார். கோப்பையைப் பார்த்தார்.

“சோறு எங்க?”

“இதுதான் சோறு.”

“இது பிலாக்காய்.”

“ஓம். இண்டைக்குச் சோத்துக்குப் பதிலா இதுதான்.”

அவர் ஒரு சுளையைப் பிய்த்துச் சம்பலோடு சாப்பிட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். “நல்லாயிருக்கப்பா. சோத்தைக் கொண்டு வாருமன், சேர்த்துச் சாப்பிட.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. கோப்பையில் இருப்பது கறி, கறி இருந்தால் சோறு வரவேண்டும். அவருடைய தலைக்குள் அந்தக் கணக்கு அப்படித்தான் இருந்தது. நான் காலையில் எனக்கென்று கொஞ்சம் சோறு போட்டிருந்தேன். எழும்பிப் போய், அந்தப் பானையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கறி ருசியாக இருந்தபடியால் மற்ற நாளைவிட இரண்டு அகப்பை கூடச் சாப்பிட்டார். சீனியைக் குறைக்க என்று நான் சமைத்த சாப்பாடு சோற்றைக் கூட்டிவிட்டது. கை கழுவிப்போட்டு வந்து, “நாளைக்கும் இதைச் செய்யும்” என்றார். எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் விட்ட பாடில்லை. சோறே போடாமல் பலாக்காயை மட்டும் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு எப்போது என்று கேட்டார். காயவைத்து இடித்து மாவாக்கி ரொட்டி சுட்டேன். தேத்தண்ணீரோடு கடித்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குக் காத்திருந்தார். சின்னச் சின்னதாகக் கொத்தி, கடுகு தாளித்து, சோறு மாதிரியே குவித்து வைத்தேன். “இதென்ன வறையே?” என்றார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் எனக்கு இந்த யோசனைதான். ஒரு பலாக்காயை எப்படிச் செய்தால் அது இந்த மனிதனுக்குக் கறி இல்லாமல் போகும்?

விடை கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவித்த சுளையைப் பிழிந்து உதிர்த்து, ஒரு பிடி குரக்கன் மாவோடு பிசறி, நீத்துப்பெட்டியில் கொட்டி அவித்தேன். புட்டு. புட்டோடு சோறு சாப்பிடுகிற மனிதர் எங்கள் பக்கத்தில் இல்லை. புட்டு வந்தால் அந்த நேரச் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். குளத்து மீனில் ஒரு உறைப்புக் குழம்பும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டார். கை கழுவினார். பானையைத் தேடவில்லை. நான் குசினிக்குள் போய் நின்று தனியாகச் சிரித்தேன்.

மத்தியானமும் இரவும் அந்தப் புட்டுத்தான் என்று ஆக்கினேன். காலையில் பள்ளிக்கூடம் போக முதல் அவித்து, சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவேன். முதல் இரண்டு கிழமையிலேயே புண்ணின் ஓரம் சிவந்து, தசை வைக்கத் தொடங்கியது. மருந்து கட்டுகிற நேர்ஸ் என் முதுகில் தட்டி, “இப்பிடியே கொண்டு போங்கோ ரீச்சர்” என்றார். எனக்குப் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் மச்சாளுக்கு விஷயம் தெரிந்தது. மச்சாள் என் வீட்டுக்காரரின் தங்கச்சி. இரண்டு வளவு தள்ளி இருக்கிறார். புண் உள்ளவர்களுக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் சில சாப்பாடுகளை ஒதுக்குவார்கள். கத்தரிக்காய், இறால், அன்னாசி, பலா எல்லாம் அதில் சேர்த்தி. கிரந்தி என்பார்கள். சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும், ஆறாது என்று அதற்குக் காரணமும் சொல்வார்கள்.

“மச்சாள், உங்களுக்கென்ன விசரே? காலில புண்ணோட இருக்கிற மனிசனுக்குப் பிலாக்காய் குடுக்கிறீங்கள். அது கிரந்தியெல்லே!”

“புண் காஞ்சுகொண்டு வருதே, நீங்கள் பார்க்கேல்லையோ?”

“மேலால காயும். உள்ளுக்க கிடந்து சீழ் வைக்கும். எங்கட அம்மா இருந்திருந்தால் உங்கட குசினிக்குள்ள பிலாக்காயை விட்டிருக்கமாட்டா.”

நேர்ஸிடம் போய்ச் சொன்னேன். “சோறு கிரந்தியெண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லீனமில்லை, ரீச்சர்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்கிறது? வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். எனக்கு முன்னால் “ஓம் ஓம், நீர் சொல்லுறது சரி.” தங்கச்சிக்கு முன்னால் “ஓம் பிள்ளை, எனக்கும் ஒரு யோசனையாத்தான் கிடக்கு.” படித்தவள், வகுப்பெடுக்கிறவள் என்று எனக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. கிரந்தி என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் அது செல்லாக்காசாகப் போயிற்று.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் வலயக் கல்விக் கூட்டம் நடக்காமல் போனதால் மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது. திறந்து போனால் மேசையில் சாப்பாட்டுப் பெட்டி இல்லை. மச்சாள் வீட்டுக்குப் போனேன். படலைக்குப் பக்கத்தில் அவருடைய பசு கட்டியிருந்தது. அது மூக்கை விட்டு நக்கிக்கொண்டிருந்த வாளிக்குள் நான் விடிய எழும்பி அவித்த புட்டுக் கிடந்தது. தேங்காய்ப்பூ தூவினது அப்படியே தெரிந்தது. என் சாப்பாட்டுப் பெட்டி கிணற்றுக்கட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

குசினிக்குள் என் வீட்டுக்காரர் இருந்தார். கோப்பையில் சோறு குவிந்திருந்தது. முருங்கைக்காய்க் குழம்பு, பருப்பு, பொரியல், மீன். என்னைக் கண்டதும் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

“இண்டைக்கு மட்டும்தானப்பா” என்றார்.

“ஏன் அண்ணை பொய் சொல்லுறியள்?” என்றார் மச்சாள். “ஒரு கிழமையா மத்தியானத்தில இஞ்சதான் சாப்பிடுறார், மச்சாள். நான்தான் கூப்பிட்டனான். என்னைப் பேசுங்கோ.”

நானும் பேசினேன். என்னவெல்லாம் பேசினேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணனைக் கொல்லப் பார்க்கிறாய் என்பது வரைக்கும் போய்விட்டேன். மச்சாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

“கடைசிச் சண்டையில இடம்பெயர்ந்து ஓடித்திரியேக்க கஞ்சிக்கு வரிசையில நிண்டு, வாங்கின கஞ்சியிலயும் பாதியை எனக்குத் தந்த மனிசன் இவர். இண்டைக்கு என்ர வீட்டில அரிசி கிடக்கு. என்ர அண்ணைக்கு ஒரு நேரச் சோறு குடுக்க நான் ஆரிட்டக் கேக்கவேணும்?”

 கெட்ட மனுசி என்றால் சண்டை பிடித்துவிட்டுப் போகலாம். நல்ல மனுசி, பிழையான சோற்றை அன்போடு போட்டுக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அன்று பின்னேரம் அரிசியைக் கழுவிப் பெரிய பானையில் போட்டேன். இரவுக்கும் சோறு. அடுத்த நாள் மூன்று நேரமும் சோறு. தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். விடிய எழும்பிப் பலாப்பாலோடு மல்லுக்கட்ட எனக்கென்ன தலையெழுத்து? என் உழைப்பை மாட்டுக்குக் கொட்டியதுதான் என் கண்ணுக்குள் நின்றது. விரல் கண்ணுக்குள் நிற்கவில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நாட்களில் விரலை நான் மறந்துபோனேன்.

நாலாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்: “பிலாக்காய் முடிஞ்சுதோ?”

“ஓம். முடிஞ்சுது” என்றேன்.

முடியவில்லை. குசினி யன்னலால் எட்டிப் பார்த்தால் பின்வளவு மரத்தில் காய் தொங்குவது தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.  அந்தக் கேள்விதான் அவர் இறங்கி வந்த இடம், அவருக்குத் தெரிந்த மட்டில் மன்னிப்புக் கேட்ட இடம். எனக்கு அது அப்போதே விளங்கியது. விளங்கியும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேலியில் நின்று அந்தப் பெண்ணும் கேட்டாள், “அக்கா, காய் வேணாங்களா? விட்டா பழுத்துருங்க.” வேண்டாம் என்றேன்.

சித்திரை பிறந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். அவர் காலில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார். போகவேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அந்த நேரம் எங்களுக்குள் தேவையான பேச்சு மட்டும்தான். இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு பின்னேரம் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். பக்கத்தால் போன எனக்கு அழுகல் மணத்தது. துணிக்கட்டு ஈரமாக இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். விரல் கறுத்திருந்தது.

நேர்ஸ் இந்த முறை என் முதுகில் தட்டவில்லை. டொக்டரைக் கூப்பிட்டார். விரலை எடுக்கவேண்டும், எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். நான் கையெழுத்து வைத்தேன். என் கையெழுத்து எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

விரலை எடுத்த மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் மச்சாள் வந்தார். வயலில் என் வீட்டுக்காரரோடு கூட வேலை செய்கிற இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று காலைப் பார்த்தார்கள். மச்சாள் அழுதார். அழுதுகொண்டே வந்தவர்களுக்குச் சொன்னார்:

“நான் அப்பவே தலைதலையா அடிச்சுச் சொன்னனான். பிலாக்காய் கிரந்தியெண்டு. ஆர் கேட்டவை?”

வந்தவர்கள் என்னைப் பார்க்காமல் பார்த்தார்கள்.  புண் காய்ந்ததை, மாட்டு வாளியை, மச்சாளின் சோற்றை எல்லாம் ஒன்றொன்றாக எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். முழுக்கணக்கையும் போட்டால் நான் கோபத்தில் சோறு போட்ட இரண்டு கிழமையும் அதற்குள் வரும் என்று நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இந்த மனிதன் ஒரு சொல் சொன்னால் போதுமே, தங்கச்சிக்கு முன்னால் ஒரு தரமாவது என் பக்கம் கதைக்கமாட்டாரா என்று அவரைப் பார்த்தேன். அவர் தங்கச்சியின் பக்கம் தலையைத் திருப்பினார்.

“இல்லைப் பிள்ளை” என்றார். “இவ பிலாக்காய் அவிச்சுத் தந்துகொண்டிருந்தவரைக்கும் புண் காஞ்சுகொண்டுதான் வந்தது. நிப்பாட்டின பிறகுதான் கறுத்தது.”

குற்றம் சாட்டுகிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னார். மச்சாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவருடைய கண்ணில் கோபம் இருக்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

“பிறகேன் மச்சாள் நிப்பாட்டினனீங்கள்?”